மெல்லிய தாளில் இரண்டு வரி

பள்ளியில் சேர்ந்த புதிதில் எனக்குப் படிக்கத் தெரியாது, எழுதத் தெரியும். சிரிக்காதீர்கள், உண்மைதான். மலாக்காவில் காஜா பெராங் பள்ளியில் எங்கள் டீச்சர், பட்டம் ஒட்டும் மெல்லிய தாளை எழுத்தின்மேல் வைத்து, கீழே தெரிகிற கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டச் சொல்வார். எந்த எழுத்துக்கு என்ன சத்தம் என்பதெல்லாம் பிறகுதான். எனக்கோ அதற்குள் கை துறுதுறுவென்றிருந்தது. தீப்பெட்டி, நாள்காட்டி, இருமல் மருந்துப் புட்டி, எதையும் விட்டுவைக்கவில்லை.

எழுதினால் போதுமா? என்ன எழுதினேன் என்று தெரிய வேண்டாமா? அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிகள் நம் சாமியைக் கும்பிட்டாலும் பேசுவது மலாய்தான். ஆகவே, கணக்கெழுதும் கிராணி வேலை முடிந்து அப்பா வரும்வரை வாசலிலேயே நிற்பேன். அவர் தாளை வாங்கி, பெரிய சேதிபோல உரக்கப் படிப்பார்: "தினம் மூன்று வேளை, குலுக்கிக் குடிக்கவும்!" இதையா எழுதினேன் என்று எனக்குப் பெருமை தாங்காது.

மெர்டேகா, மெர்டேகா என்று நாடே சுதந்திரத்துக்குக் காத்திருந்த மாதங்கள் அவை. இங்கேயே குடியுரிமை எடுப்பதா, கப்பலேறி ஊருக்குப் போய்விடுவதா என்று தமிழர் வீடுகளில் இதே பேச்சு. இங்கேயே பிறந்த அம்மா தினமும் கேட்பார். அப்பா "பாப்போம்" என்பதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா குளிக்கப் போனபோது, அவர் சட்டைப் பையில் நீலக் கடிதம் ஒன்று எட்டிப் பார்த்தது. ஊரிலிருந்து பெரியப்பா எழுதியது. கடைசி இரண்டு வரிகளுக்கு அடிக்கோடு போட்டிருந்தார். விடுவேனா? தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அடிக்கோடு உட்பட எழுதி முடித்தேன்.

துண்டோடு வந்த அப்பா தாளை வாங்கினார். படிக்க வாயெடுத்தவர் தாளை நான்காக மடித்தார்.

"புள்ள என்னாங்க எழுதியிருக்கு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"நாம எல்லாரும் சொகமா இருக்கோமாம்."

இவ்வளவு நீளமான இரண்டு வரிக்கு இதுதானா என்று எனக்கு ஒரே ஏமாற்றம். தாளைக் கேட்டேன், தரவில்லை.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு குடியுரிமை மனு கொடுக்க வெயிலில் வரிசையில் நின்றார். திரும்பும்போது சீவிய ஐஸில் சர்க்கரைப்பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் எனக்கு வாங்கிக் கொடுத்தார். நன்றாக எழுதியதற்குப் பரிசு என்றே நினைத்தேன்.

அப்பா காலமான பிறகு அவர் பெட்டியில் அந்தத் தாள் இருந்தது. பெரியப்பாவின் கடிதம் இல்லை. இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

"நீ மட்டும் கப்பலேறி வா, இங்கே உனக்குப் பெண் பார்த்தாயிற்று. அவளும் பிள்ளையும் அங்கேயே கிடக்கட்டும்."

ஒரு கோடுகூட விலகவில்லை. அவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறேன்.