அப்பாவின் இடப்பக்கத்துப் பருந்து

அந்தப் பைனாகுலரைக் கையில் எடுத்தாலே முதலில் மூக்கில் ஏறுவது டீசல் வாசனைதான். வாரம் முழுக்க வேனின் டாஷ்போர்டுக்குள் கிடந்து, அதன் தோல்வாரில் டீசலும் வியர்வையும் ஐப்பசி மழையின் ஈரமும் ஒன்றாக ஊறிப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அப்பா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பரங்கிமலை உச்சியில் மாதா கோயிலுக்குப் பின்புறத்து மதிலோரம் நின்று வடக்கு வானத்தைப் பார்ப்பார். பாவாடைப் பையில் புளியங்கொட்டைகளோடு அவர் பக்கத்தில் நான் நிற்பேன். ஒரு பறவை தெற்கே கடந்து போனால் ஒரு கொட்டை இடப்பையிலிருந்து வலப்பைக்கு மாறும். அதுதான் எங்கள் கணக்கு.

அப்பா மந்தைவெளியில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பள்ளி விடுமுறை நாட்களில் அதே வேனைப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பழவேற்காட்டுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். அவர்களில் ஒரு பெரியவர், முழங்கால் வலியால் மலையேற முடியாதவர், தம்முடைய பழைய பைனாகுலரை அப்பாவிடம் கொடுத்து, மழைக்காலம் தொடங்கும்போது வடக்கேயிருந்து வரும் பருந்து வகைகளைப் பரங்கிமலையிலிருந்து எண்ணிச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகத் தொடங்கியது அப்பாவுக்குப் பித்தாகவே ஆகிவிட்டது. நகரத்திலேயே வட்டமடித்துக் குப்பைமேட்டில் இறங்கும் பருந்துகளை அவர் "லோக்கல்" என்பார். திரும்பாமல், தயங்காமல், தெற்கே போய்க்கொண்டே இருப்பவை "வெளியூரு". மழை விட்ட காலையில் வெயில் ஏறி, சூடான காற்றில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்று உயர்ந்தால், "ராட்டினம் சுத்துது பாப்பா!" என்று குழந்தையைப்போல் கத்துவார்.

பறவையை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் நான்தான். "எங்க? கையைக் காட்டு" என்பார் அப்பா. என் விரல் போகும் திசையில் பைனாகுலரைத் திருப்பி, கண்ணாடிக்குள் பறவை அகப்பட்டதும், அது பூனைப்பருந்தா தேன்பருந்தா என்று வாலின் பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவ்வளவு தொலைவில் எனக்குப் புள்ளியாகத் தெரிவதன் வால் அவருக்குத் தெரிந்தது. என் அப்பாவின் கண்ணைப்போல ஒரு கண் மந்தைவெளியிலேயே கிடையாது என்று வகுப்பில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதினோரு வயதான அந்த வருஷத்து ஐப்பசியில், மூன்று நாள் கொட்டிய மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பத்து மணிக்குள் என் இடப்பை பாதி காலியாகிவிட்டது. கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், அடிவாரத்தில் வாங்கிவந்த மசால்வடையைப் பிரித்தோம். அப்பா ஒன்றை இடக்கையில் வைத்துக்கொண்டு, மதிலில் சாய்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு "லோக்கல்" பருந்து கோயில் கூரைமேலிருந்து சரிந்து, தாழ்ந்து, அவருடைய இடப்பக்கமாக நேரே வந்தது. அது வருவதை எல்லோரும் பார்த்தோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் "ஐயோ" என்று குனிந்தே விட்டார். "ப்பா, பருந்து!" என்று நான் கத்தினேன். அப்பா அசையவில்லை. இறக்கை அவர் காதை உரசி, நகம் கையைக் கிழித்து, வடை போன பிறகுதான் துள்ளினார். துள்ளியவர் திரும்பித் தேடியது வலப்பக்கம்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கைக்குட்டையால் ரத்தத்தைத் துடைத்தபடி அப்பாவும் சிரித்தார். ஆனால் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய பறவை, இவ்வளவு பக்கத்தில் வந்தது, இவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

அவர் மறுபடியும் வானத்தைப் பார்க்கத் தொடங்கியதும், நான் அவருடைய இடப்பக்கம் போய் நின்று, காதுக்கு நேராகக் கையை நீட்டி விரல்களை ஆட்டினேன். அவர் நேரே பார்த்தபடி, "வெளியூரு ஒண்ணும் காணோமே பாப்பா" என்றார். கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. இன்னும் முன்னால். கன்னத்தைத் தாண்டி, ஏறக்குறைய மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் கண் சிமிட்டினார். "இன்னா பாப்பா, கொசுவா?" என்றார்.

அதுவரை தனித்தனியாகக் கிடந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. வேனின் உடைந்துபோன இடப்பக்கக் கண்ணாடி. லஸ் முனையில் வேன் உரசி விழுந்து எழுந்த சைக்கிள்காரர், "குறுக்க வந்துட்டான்" என்று வீட்டில் அப்பா சொன்ன காரணம். வாசலில் வாளியை இடறிவிட்டு அம்மாவிடம் காட்டிய எரிச்சல். பிறகு வேன் நினைவுக்கு வந்தது. அதில் தினமும் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்கார்ந்து போகும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

அதே வேனில்தான் நாங்கள் இறங்கியாக வேண்டும். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, "ப்பா, ஆட்டோ", "ப்பா, பஸ் நிக்குது", "ப்பா, ஒரு ஆளு கிராஸ் பண்றாரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "இன்னா பாப்பா, கண்டக்டர் ஆயிட்டியா?" என்று சிரித்தார். கோட்டூர்புரம் பாலம் ஏறும் இடத்தில், கணவன் மனைவி குழந்தை என மூவர் வந்த ஒரு ஸ்கூட்டர் எங்களுக்கு இடப்பக்கமாக நுழைந்தது. அப்பா அந்தப் பக்கமே வண்டியை ஒடித்தார். நான் அலறிய அலறலில் பிரேக் போட்டார். ஸ்கூட்டர் தள்ளாடி, கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வீடு வரும்வரை அப்பா வண்டியை நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார்.

அம்மா சமையற்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா குளிக்கப் போனதும் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அம்மா அலறுவாள், எழுந்து ஓடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுத்த பல்லை எடுத்து உரித்தாள்.

"தெரியும்டி," என்றாள். "ஈஸ்டருக்கு முன்னாடியே தெரியும். கண்ணுல பிரஷர் கீதாம். நேரா தெரியும், இடப்பக்கம் தெரியாதாம். வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப ஏம்மா விட்ட?"

"வண்டி நின்னா அடுப்பு எரியுமா? மெதுவாத்தான் ஓட்றாரு. மாதா பாத்துப்பா."

பருந்து வந்தபோதும் பாலத்திலும் வராத அளவு பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. பெரியவர்களுக்குத் தெரிந்துவிட்டால் ஒரு ஆபத்து முடிந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை. அப்பா முதல் பிள்ளையை ஏற்றக் கிளம்பி இன்ஜினைப் போட்டதும், நான் சீருடையோடு போய் இடப்பக்கக் கதவைத் திறந்து தெருவிலேயே நின்றுகொண்டேன்.

"ஏறு, இல்ல வழிவிடு பாப்பா. டைம் ஆச்சு."

"நேரா பாரு ப்பா. தலையைத் திருப்பாத. நான் எத்தன விரல் காட்றேன்னு சொல்லு. சொல்லிட்டா வழிவிட்டுர்றேன்."

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். நான் கையை இறக்கவில்லை. அப்பா நினைத்திருந்தால் தலையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். தோராயமாக ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நான் சொன்னபடியே நேராகப் பார்த்துக்கொண்டு, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவி அம்மாவிடம் நீட்டினார்.

"எனக்கே பயந்தான் லில்லி," என்றார். "தெனம் பயந்துகினேதான் ஓட்டுனேன். யாருனா நிறுத்துன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு."

அப்பாவின் நண்பர் ஒருவர் அன்றைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார். அந்த வாரமே வேன் அவருக்குக் கைமாறியது. அம்மா இரண்டு கடைகளுக்குத் துணி தைக்கத் தொடங்கினாள். அவள் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசப் பல மாதங்கள் ஆயின. ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது, தான் அறைந்த என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அவ்வளவுதான். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். பங்குச் சாமியார் அவரைக் கோயில்பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார். மணியடிப்பதும் மெழுகுவர்த்திகளை மாற்றுவதும் அவருக்குப் பழகிப்போயின.

இப்போது பரங்கிமலையிலிருந்து பார்த்தால் வடக்கே அடுக்குமாடிகளும் அவற்றின் உச்சியில் நிற்கும் கிரேன்களுமாக இருக்கின்றன. நாங்கள் சாய்ந்து நின்ற மதிலோரத்தில் இப்போது கம்பிவேலி. பைனாகுலர் கொடுத்த பெரியவர் காலமாகிவிட்டார். "வெளியூரு" இன்னும் போகத்தான் செய்கின்றன, ஆனால் ராட்டினம் என்று சொல்லும்படி ஒன்று சுழன்று நான் பார்த்துப் பல வருஷங்களாகின்றன. அப்பாவின் உலகம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த வட்டத்துக்குள் என் முகம் வரும்படி நான்தான் நகர்ந்து நிற்க வேண்டும்.

போன மாதம் மந்தைவெளி மார்க்கெட்டில், மகளைக் கையில் பிடித்தபடி வந்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள். "நீங்க வேன் அங்கிள் பொண்ணுதானே? திடீர்னு ஒரு நாள் அவர் வரவே இல்ல. நாங்க எல்லாம் அழுதோம் தெரியுமா? அவர் எவ்ளோ மெதுவா ஓட்டுவாரு! எங்கம்மாவுக்கு அவர் மேல அப்படி ஒரு நம்பிக்கை," என்றாள். இத்தனை வருஷங்களாக வெளியில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் ஏனோ சொல்லிவிட்டேன்.

அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது. எங்களைச் சுற்றிக் கூவி விற்கும் சத்தம். அவள் எதையோ மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"எங்க வீடு எதிர்ப்பக்கம்," என்றாள் கடைசியில். "இடப்பக்கக் கதவுல இறங்கி, வேனுக்கு முன்னாடிதான் ஓடி கிராஸ் பண்ணுவேன்."

மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டெய்லி," என்றாள்.