என் குரல் மட்டும் ஏறிய காலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. இடம், தேனி அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. பஜாரில் உரக்கடை வைத்திருக்கும் எனக்கு நாற்பத்தாறு வயதில், பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோ ஆசை வந்து, பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கியிருந்தேன். சாட்டிலைட் வழியாகப் பேசிப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

நம் குரலை வாங்கிக் கீழே திருப்பி அனுப்பும் அந்த சாட்டிலைட் தலைக்கு மேல் வந்து போவது பத்து நிமிடம்தான். அதற்குள் இலங்கையிலிருந்து வடநாடு வரைக்கும் இருக்கிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும். பலமான செட்டில் ஒருவர் பேசினால் மற்றவர் குரல் அமுங்கிவிடும். இதெல்லாம் படித்துத்தான் பாஸ் பண்ணினேன். ஆனாலும் சின்ன செட் போதும் என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் பெரிய செட்டாகத்தான் வாங்கினேன். எனக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும்.

செட்டைப் போட்டதும் ஒரே இரைச்சல். எரிச்சலில், இரைச்சலை அடக்கும் குமிழை முழுக்கத் திருகிவிட்டேன். சத்தம் நின்றது. வானத்திலிருந்து வரும் மெல்லிய குரல்களும் அதோடு நின்றுபோகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. யாருமே இல்லை என்று நினைத்து, லைசென்ஸோடு எனக்குத் தந்த அடையாளப் பெயரான கால்சைனைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். கடையில் கத்திப் பழகிய தொண்டை.

துணி காயப்போட வந்த என் மனைவி, "யாராச்சும் பதில் சொல்றாகளா, இல்ல நீங்களாப் பேசிக்கிட்டிருக்கீகளா?" என்று சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து நிமிடமும் விடவில்லை.

மத்தியானம் ஒரு போன். கம்பத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். ரேடியோக்காரர்களிடம் என் கால்சைனைச் சொல்லி நம்பர் வாங்கியிருக்கிறார். அவருடைய கணவர் திராட்சைத் தோட்டக்காரர். பல வருடமாக அதே சாட்டிலைட்டில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரோடு பேசி வந்தவர். இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது. இப்போது புற்றுநோய் முற்றி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். நண்பரிடம் விடைபெற்றுக்கொள்ள அன்று காலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்தது இந்த அம்மாதான்.

"உங்க குரலு மட்டுந்தேன் கேட்டுச்சுங்கய்யா. அவுக பேசுனது மேல ஏறவே இல்ல. புதுசா வந்தவுக, பேசட்டும்னுட்டாக" என்றார். குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"போன் போட்டுப் பேசலாமேம்மா" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"போன்லயும் பேசியாச்சு. ஆனா இதுலதேன் கடைசியாச் சொல்லணும்ங்கிறாக. நாளைக்குக் காலையில மட்டும் அந்தப் பத்து நிமிசத்தை விட்டுக்குடுங்கய்யா."

போனை வைத்ததும் புத்தகத்தைப் புரட்டினேன். என் தப்பு புரிந்தது.

மறுநாள் கடையைத் திறக்காமல் மாடிக்குப் போனேன். மைக்கைத் தொடவில்லை. குமிழைத் திறந்து வைத்துக் கேட்டேன். இரைச்சலுக்கு நடுவே யாழ்ப்பாணத் தமிழில் ஒரு குரல், கம்பத்துக்காரரின் கால்சைனைச் சொல்லிக் கூப்பிட்டது. பதில் இல்லை. "அண்ணை, நான் கதைக்கிறது கேக்குதோ?" என்று மறுபடியும் கேட்டது. வேறு யாருமே குறுக்கே பேசவில்லை. சாட்டிலைட் மலைக்குப் பின்னால் இறங்கும் வரை அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் மாடியில் நின்று அழுதேன்.

விடியும்போதே அவர் இறந்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. கம்பத்துக்குப் போய் மாலை போட்டேன். அந்த அம்மா என்னை யாரென்று விசாரிக்கவில்லை. சொல்லிக்கொள்ள எனக்கும் தைரியம் வரவில்லை.

இப்போதெல்லாம் பாதி நேரம் பேசாமல் கேட்டுவிட்டுத்தான் மைக்கை எடுக்கிறேன். ஆனால் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமையின் பத்து நிமிடத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியப்போவதில்லை.