குளிருக்கு என்ன செய்தாய்

எண்பதுகளின் தொடக்கத்தில், போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு டாக்டர் ஒருவரோடு குறிப்பெழுதப் போயிருந்தேன். கர்ப்பத்தில் தாய் சாராயம் குடித்ததால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் உண்டா என்று அவர் பார்த்துவந்தார். "குடிச்சதே இல்ல" என்று எல்லாத் தாய்மார்களும் சொன்னார்கள். மூன்று நாளாக அதையே எழுதிச் சலித்துப்போனேன்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஒடிசலானவர். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பார். பேசும்போதும் யாராவது ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"குடிச்சியான்னு கேட்டா எவ ஒத்துக்குவா, டாக்டரய்யா? குளிருக்கு என்ன செஞ்சேன்னு கேளுங்க" என்றார்.

அவரையே கேட்கச் சொன்னோம். ஆறு வயதாகியும் பேச்சு வராத ஒரு பெண்பிள்ளையின் தாய், "இவ வயித்துல இருக்கையில அடமழைக்குத் தெனமும் கொஞ்சம் ஊத்திக்குவேன்க்கா" என்றாள். பிறகு மெதுவாக, "அதனாலயா இவ இப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

ஆயாதான் அவள் கையைப் பிடித்து, "ஒனக்குத் தெரியாதுல்ல ஆத்தா. எங்களுக்கும் அப்ப யாரும் சொல்லல" என்றார்.

அந்த 'எங்களுக்கும்' யாரைக் குறித்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஜீப்பு புறப்பட்டபோதும் அவர் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.