என் தப்பாகவே இருக்கட்டும்

பிறந்து ரெண்டு நாளான குழந்தையின் குதிகாலில் ஊசி குத்துகிற வேலையில் நல்ல பேர் வாங்கினவர் யாருமே கிடையாது. ரத்தம் எடுப்பவர்களே, தடுப்பூசி போடுபவர்களே, நம்ம பாடு நமக்குத்தான் தெரியும். குழந்தை வீல் என்று கத்தும், அம்மா கண்ணைத் துடைப்பாள், கூட வந்த அத்தனை பேரும் நம்மைத்தான் முறைப்பார்கள்.

காஞ்சிபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. குதிகாலில் ஒரு குத்து. தடிமனான அட்டையில் நாலு வட்டம். வட்டத்துக்கு ஒரு சொட்டு. காய்ந்ததும் அட்டை சென்னை லேபுக்குப் போகும். அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு மிஷின், ரத்தத்தில் இருக்கிற சத்து, அமிலம் எல்லாவற்றையும் எடை பார்த்துப் பிரித்துக் காட்டும். குடிக்கிற பாலை அந்த உடம்பு ஒழுங்காகப் பயன்படுத்துகிறதா, எங்கேயாவது சிக்கலா என்று அதில் தெரிந்துவிடும்.

ஜன்னலோர வெயில்

அட்டையை நிழலில்தான் காயவைக்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் சேர்ந்த புதிது, மழைக்காலம், அட்டை ஈரம் போகவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் வெயில் தலைகாட்டியதும் எல்லாவற்றையும் ஜன்னலோரம் பரப்பிவிட்டேன். அன்றைய அட்டை அத்தனையும் லேபிலிருந்து திரும்பி வந்தது. ஒவ்வொரு குழந்தையையும் மறுபடி குத்தி, ஒவ்வொரு அம்மாவிடமும் திட்டு வாங்கினேன். அன்றோடு சரி, அதற்குப் பிறகு என் அட்டை ஒன்றுகூடத் திரும்பியதில்லை. இதில் எனக்குத் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குத் திட்டியவர்களில் ஒருத்தி சாயப் பட்டறை வீட்டுப் பெண். படுத்துக்கொண்டே கேட்டாள்: "சாயம் போட்ட பட்டு நூலையே நாங்க வெயில்ல போட மாட்டோம். எம்புள்ள ரத்தத்த போடுறியேம்மா?"

கணக்கில் வராத பொங்கல்

அட்டையோடு ஒரு ஃபாரமும் உண்டு. அம்மா என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டு எழுத வேண்டும். ஒருத்தி "காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்புடல" என்று சாதிக்கிறாள். கையிலோ தொன்னை. தொன்னையில் சர்க்கரைப் பொங்கல், நெய் வழிகிறது. இது என்னம்மா என்றேன்.

"பிரசாதம்க்கா. இதப் போயி சாப்பாடுன்னு எழுதுவாங்களா?"

ஜரிகைச் சீட்டு

இப்போது வனிதா கதைக்கு வருகிறேன். பக்கத்து ஊர் ஓரிக்கைக்காரி. கல்யாணமாகி நாலு வருஷம் காத்திருந்து பெற்ற ஆண் குழந்தை. அவள் புருஷன் ஏழுமலை தறி நெய்கிறவர், நிமிஷத்துக்கு ஒரு தடவை குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாரம் நிரப்பினேன். பால்? "ரெண்டு வேளை." முட்டை? "தெனம் ஒண்ணு." பளிச்சென்று பதில். ஏழுமலை மட்டும் ஏனோ ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். வனிதாவைப் பாராட்டிவிட்டு மிஷினைப் பற்றிச் சொன்னேன். பட்டுக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது.

"ஜரிகைய மிஷின்ல வெச்சா வெள்ளி எவ்ளோ, தங்கம் எவ்ளோன்னு சீட்டு வருதே, அந்த மாதிரியா? எம்புள்ளைக்கும் அசல்னு சீட்டு குடுத்துடுங்கம்மா."

பிரகாஷின் போன்

நாலாம் நாள் லேபிலிருந்து பிரகாஷ் கூப்பிட்டான். அட்டைகளை மிஷினில் ஏற்றுகிறவன். வனிதா குழந்தையின் ரத்தத்தில் ஒரு அமிலம் ஏகத்துக்கு ஏறியிருக்கிறதாம். எங்கள் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. புரதத்தை உடைக்கத் தெரியாத உடம்பாக இருக்கலாம், பிறவி நோய், திடீரென்று ஒரு நாள் குழந்தை துவண்டு போய்விடும் என்றார்.

அன்றைக்கு நான் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஸ்பிரிட் காய்வதற்குள் குத்திவிட்டேனா? முதல் சொட்டைத் துடைக்க மறந்தேனா? வட்டத்தில் விரல் பட்டதா? பதினோரு வருஷத் திமிர் போனால் போகட்டும், என் தப்பாகவே இருக்கட்டும் சாமி என்று மனசார வேண்டிக்கொண்டேன். பிரகாஷிடமும் வாய்விட்டே கேட்டேன்: அட்டையில் ஏதாவது கோளாறு இருக்குமாப்பா?

"இல்லக்கா. உங்க அட்ட எப்பவும் போல சுத்தமாத்தான் இருக்குது. அதான் பயமா இருக்குது."

ஓரிக்கையில் ரெண்டாவது குத்து

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "இன்னொரு தடவ பாக்கணும், குழந்தையக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரியில வந்து இருங்க" என்று மட்டும் சொல்லி, குதிகாலைத் துடைத்துக் குத்தினேன். குழந்தை அழுதது. வனிதா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழுமலை தறிக்குழியிலிருந்து ஏறி வரக்கூட இல்லை, அங்கிருந்தே கேட்டார்.

"கலப்படம்னு வந்துச்சாம்மா?"

மீசையில் பாலேடு

ரெண்டாவது அட்டையிலும் அதே கதை. தாயும் பிள்ளையும் வார்டில் இருந்தார்கள். தாய்மார்களுக்கு ஆஸ்பத்திரியில் ரெண்டு வேளை பால் தருவோம். காலி டம்ளர் வனிதா பக்கத்தில் இருந்தது, பாலேடு மட்டும் ஏழுமலை மீசையில் ஒட்டியிருந்தது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் மனுஷன். "யாருக்குக் குடுத்த பால யாருய்யா குடிக்கிறது?" என்று கத்திவிட்டேன்.

வனிதா அழுதுகொண்டே சொன்னாள். குழந்தை வேண்டும் என்று குலதெய்வத்திடம் வேண்டுதல். பிறந்த பிள்ளைக்கு மொட்டை போடுகிற வரைக்கும் பால், தயிர், முட்டை, மீன், கறி எதையும் தொடுவதில்லை. நாலு வருஷமாகத் தொடவில்லை. அடிப்பாவி, பின்னே ஃபாரத்தில் ஏன் புளுகினாய் என்றேன்.

"வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுன்னாங்க. ஃபாரத்துல எழுதுனா சொன்ன மாதிரிதானேக்கா?"

ஊசி சைவமா?

டாக்டரம்மா அறைக்கு நான் ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு வராந்தாவிலேயே தங்கிவிட்டது. அவர் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். பி பன்னிரண்டு என்கிற வைட்டமின் பாலிலும் முட்டையிலும் கறியிலும்தான் இருக்கிறது. தாய்க்கு அது இல்லாவிட்டால் பிள்ளைக்கும் இல்லை. பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் அதே அமிலம் ஏறும், மிஷின் அதே மாதிரி கத்தும். வனிதாவின் ரத்தத்தைப் பார்த்தால் அந்த வைட்டமின் அடிமட்டத்தில் கிடந்தது.

இதுதான் காரணம் என்றால் ரெண்டு பேருக்கும் ஊசி போட்டால் தீர்ந்தது, அளவு இறங்கினால்தான் நிச்சயம் என்றார் டாக்டரம்மா. பாலும் குடி என்றார். வனிதா குழந்தையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஊசி போட்டுக்கிறேன் டாக்டர். மொட்ட போட்டதும் பால் குடிக்கிறேன். ஊசி சாப்பாட்டுக் கணக்குல வராதுல்ல?"

மூணாவது அட்டை

மூன்று வாரம் கழித்து மறுபடி குத்தினேன். அந்த அட்டையை நிழலில் வைத்துவிட்டு, காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிரகாஷ் போனில் "அக்கா, எறங்கிடுச்சுக்கா" என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வார்டு என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். டாக்டரம்மா ஒன்று சொன்னார்: அட்டை கெட்டுப்போச்சு என்று நாம் தூக்கிப் போட்டிருந்தால், தாய்ப்பாலை மட்டுமே குடிக்கிற பிள்ளை ஆறேழு மாதத்தில் சிரிப்பை மறந்து, தலை நிற்காமல் துவண்டிருக்கும்.

சீட்டை ஏழுமலையிடம் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அசல்தான்மா. சேர்க்க வேண்டியதச் சேர்க்காதது நாங்கதான்."

பதினோரு வருஷத்தில் என் அட்டை தப்பாக இருக்கணும் என்று நான் வேண்டிக்கொண்டது ஒரே ஒரு தடவை; அதையும் பிரகாஷிடம் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்ததால் பலிக்கவில்லை, நல்ல வேளை.