பெயர் மட்டும் ஏறிய ஹார்டு டிஸ்க்

மராட்டிய ஊரான தேஹு ரோடில் தனியாக இருக்கிறேன். எனக்குப் பேச்சுத்துணை, பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் மறைந்த என் கணவரின் வீடியோக்கள்தான்.

"அது எப்ப வேணா படுத்துடும்மா. ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணிட்டு, நான் அனுப்புன லேப்டாப்ல பாரு" என்றான் வெளிநாட்டில் இருக்கும் மகன். கேம்ப் கடைத்தெரு நடைபாதையில், இடம் நிறைய, விலை பாதி என்றதும் ஒன்று வாங்கினேன். காப்பி செய்ததும் எல்லா வீடியோக்களின் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. நிம்மதியாகப் பழைய சாமான்காரரை வரச் சொன்னேன்.

அவர் கம்ப்யூட்டரைத் தூக்கும்போது கணவரின் குரலைக் கேட்கத் தோன்றியது. லேப்டாப்பில் டிஸ்க்கைப் போட்டேன். ஒரு வீடியோவும் திறக்கவில்லை.

"பையா, ருக்கோ!" என்று இந்தியில் அவரை நிறுத்தினேன்.

"க்யா ஹுவா, மாவ்ஷி?" என்னம்மா ஆச்சு என்று கேட்டார்.

"உள்ள எங்க வீட்டுக்காரர் இருக்காருப்பா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். என்ன புரிந்ததோ, மெதுவாகக் கீழே வைத்தார்.

அது போலி டிஸ்க்காம், மகன் சொன்னான். பெயர்கள் ஏறும், வீடியோ ஏறாது. இப்போது நல்ல கடையில் பில்லோடு வாங்கிய டிஸ்க்குகள் இரண்டில் காப்பி செய்து வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் திறந்து சரிபார்க்கிறேன்.

"ரசத்துல உப்பு கம்மி" என்கிறார் வீடியோவில் கணவர்.

"பேசாம சாப்பிடுங்க" என்கிறேன்.