கொட்டடியில் ஓர் ஆடு கூடுதல்

முனியசாமி சவூதியின் தம்மாமிலிருந்து அழைத்தபோது நான் துபாய் துறைமுகத்தில் ஆடுகளின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், நம்ம சிக்கந்தர் பாய் மவுத்தாயிட்டாராம். அவுக வீட்டுக்குப் போன் போட்டேன், தங்கச்சிதான் எடுத்துச்சு" என்றார். பிடித்திருந்த ஆட்டை விட்டுவிட்டேன். அது ஓடவில்லை, கப்பலில் வந்த களைப்பு. என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். "நம்ம காய்ச்சல்தான் சார். நெஞ்சுக்குள்ள வால்வ அரிச்சிருச்சாம்."

நம்ம காய்ச்சல். அதைக் கேட்டதிலிருந்து சாயங்காலமானால் என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

சத்வாவில் அவரோடு ஒரே ரூமில் இருந்த நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் நீங்கள் அவரை அஞ்சா நெஞ்சர் என்று பேசினீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர் அவர்தான். மேலதிகாரியின் வண்டிச் சத்தம் கேட்டால் சட்டைப் பொத்தான்களைத் தடவுவார். கப்பல் வரும் நாளில் சாப்பாடு இறங்காது. "எனக்குப் பயமே கெடையாதுன்னு எவனாச்சும் சொன்னா, அவன் பாஸ்போர்ட் அவன் கையில இருக்குன்னு அர்த்தம் மாப்ள" என்பார்.

ஊரில் கால்நடை ஆய்வாளருக்குப் படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். கப்பலில் வரும் ஆடுகளைத் தனிக் கொட்டடியில் அடைத்து, நோய் கண்டதன் முதுகில் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்குவது வேலை. வேலை அரசாங்கத்துடையது; விசா ஒப்பந்தக்காரனுடையது. அந்த ஒப்பந்தக்காரனின் அண்ணன்தான் ஆடுகளை இறக்குமதி செய்யும் அர்பாப், முதலாளி. யாருடைய ஆட்டை நாங்கள் தள்ள வேண்டுமோ, அவருடைய தம்பியின் அலமாரியில் எங்கள் பாஸ்போர்ட். இதற்குப் பெயர் ஆய்வு.

அந்த முறை அர்பாபின் பண்ணைக்காகச் சினை ஆடுகள் வந்திருந்தன. கொட்டடிக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் குறைக் குட்டி போட ஆரம்பித்தன. செத்த குட்டிகளை இழுத்துக் குழியில் போட்டவர் முனியசாமி. முதுகுளத்தூர்க்காரர். கையுறை கேட்டதற்கு, ஆளை மாற்றிவிடுகிறோம் என்றார்களாம். சீக்கிரமே அவருக்கு மாலைக் காய்ச்சல் வந்தது. குளிர், வியர்வை, இடுப்பு வலி. "சார், எனக்கும் முதுகுல செவப்புப் பெயின்ட அடிச்சு ஊருக்கு அனுப்பி விட்ருங்க" என்று சிரித்தார். சிரிக்கும்போது பல் கிட்டியது.

எங்கள் இருவருக்கும் அது என்னவென்று தெரியும். புருசெல்லா. ஆட்டுக்குக் கரு கலைக்கும். மனிதனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சலாக வந்து எலும்பிலும் இதயத்திலும் தங்கும். குறைக் குட்டியைத் தொட்டாலும் வரும், பச்சைப் பாலிலும் வரும். பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறோம்.

அர்பாபுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொட்டடிக்கு வந்தால் ஓர் ஆட்டைப் பிடித்து அங்கேயே கறந்து, நுரை அடங்கும் முன் கிண்ணத்தை ஆய்வாளர் கையில் கொடுப்பார். சூழ்ச்சி ஒன்றும் இல்லை, தானும் குடிப்பார். மறுப்பது அவரை அவமதிப்பது. அன்று குட்டி இழந்த ஆடு ஒன்றைக் கறந்து, "பியோ டாக்டர், பியோ! தாஜா ஹை!" குடி, புதுப் பால் என்று நீட்டினார். சிக்கந்தர் பாய் வாங்கினார். பாதியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். மீதியை நான் குடித்தேன். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த இரண்டு பேர்.

அர்பாப் போனதும் சிக்கந்தர் பாய் சுவரோரம் குனிந்து தொண்டைக்குள் விரல் விட்டார். ஒன்றும் வரவில்லை. "மாஃபி, வேணாம்னு ஒத்த அரபி வார்த்தை மாப்ள. ஒட்டகம் மேய்க்கிறவன்கூடச் சொல்றான். எனக்கு வாயில வரல."

முனியசாமியின் ரத்தத்தைச் சோதிக்க, விசா கொடுத்த கஃபீலின் கையெழுத்து வேண்டும். நோய் என்று தெரிந்தால், மருந்து தராமல் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். ஊரில் எந்த ஆஸ்பத்திரியிலும் வைரல் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்புவார்கள். ஆட்டுக்கு மட்டும் ஆய்வகம் உண்டு, அதுவும் இலவசமாக.

ஆடுகளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த காலையில், சிக்கந்தர் பாய் முனியசாமியைக் கூப்பிட்டு ரப்பர் குழாயை அவர் முழங்கைக்கு மேல் கட்டினார்.

"சார், நான் ஆடு இல்ல."

"இன்னைக்கு ஆடுதான். பேசாம நில்லு, வேணும்னா கத்திக்க."

அந்தச் சோதனை எளிது. வெள்ளைப் பீங்கான் ஓட்டில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு இளஞ்சிவப்பு மருந்து. நோய் இருந்தால் மணல் மணலாகத் திரியும். ஆடுகளின் சொட்டுகள் சில திரிந்தன. ஓரத்தில் இருந்த முனியசாமியின் சொட்டு எல்லாவற்றையும்விட வேகமாகத் திரிந்தது. அப்போதுதான் பின்னால் மேலதிகாரி நிற்பதைப் பார்த்தேன். நோய் கண்ட ஆடுகளை அன்றே வெட்ட வேண்டும். அவர் அதற்காக வந்திருந்தார். சொட்டுகளையும் ஒதுக்கிய ஆடுகளையும் எண்ணினார். "ஏக் ஜ்யாதா ஹை. பக்ரி கிதர் ஹை?" ஒன்று கூடுதல், அந்த ஆடு எங்கே?

அந்த ஆடு வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"மர் கயா சார். குழியில போட்டாச்சு" என்று ஹிந்தியில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொன்னார் சிக்கந்தர் பாய். காட்டு என்றார் மேலதிகாரி. பொய் என்று தெரிந்தால் மூன்று பேருக்கும் கலாஸ், வேலை போயிற்று. சிக்கந்தர் பாய் முன்னால் நடந்தார். அவர் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதைப் பின்னால் வந்த நான் பார்த்தேன். குழி விளிம்பில் நின்று, சுண்ணாம்புக்கும் ஈக்களுக்கும் அடியில் எதையோ சுட்டிக் காட்டினார். மேலதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

அன்று மதியமே அர்பாபின் கொட்டடியை மூடி முத்திரை வைத்தார். பர் துபாயில் ஒரு தமிழ் டாக்டரம்மா, கேள்வி கேட்காமல் முனியசாமிக்கு வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்தார். முனியசாமி பிழைத்தார். விசா முடிந்ததும் சிக்கந்தர் பாயை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

சோதனை நடந்த அன்று, பீங்கான் ஓட்டைக் கழுவும்போது நான் கேட்டேன்: "பாய், நம்ம ரத்தத்தையும் போட்டுப் பாத்துருவமா?"

"வேணாம் மாப்ள. இருக்குன்னு வந்தா மெடிக்கல்ல தூக்கிருவான். இல்லன்னு வந்தாலும் அடுத்த கிண்ணம் வரும். தெரியாமலே இருக்கட்டும்." அடுத்தவனுக்காகப் பொய் சொல்லத் துணிந்தவர், தன் விரலில் ஊசி குத்தத் துணியவில்லை. அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்த அர்பாபும் தம்பியும் இரங்கல் கூட்டத்துக்கு மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள்.

நேற்று அந்த டாக்டரம்மாவிடம் போனேன். தனியாகப் போகவில்லை. கொட்டடியில் இப்போது குட்டி இழுக்கிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களில் ஒருவருக்கு இரவில் வியர்க்கிறது. "இவங்களுக்கு யார் பொறுப்பு?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் என்றேன். மூன்று பேரும் சட்டைக் கையை மடக்கினோம்.

சிக்கந்தர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, முழங்கால் இடிக்க இடிக்கக் குழியை நோக்கிப் போன அந்த நடைதான். ரத்தச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் நாக்கு உலர்கிறது. ஆனாலும் எடுக்கிறேன்.