பட்டாளத்துக்காரர் முதுகில் என் மூச்சு

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஹட்டனில் ஒரு கிளினிக்கில் தரை கூட்டப் போய், டாக்டர் பக்கத்தில் நின்றே இதயத்தை ஸ்கேன் எடுக்கக் கற்றுக்கொண்டேன். என்னைப் போல் தெளிவாகப் படம் எடுக்க இந்த மலையில் ஆளில்லை, டாக்டரே சொல்வார்.

அந்த என்னையே ஒருவர் திணறடித்தார். உடப்புசல்லாவைப் பக்கம் சிங்களக் கிராமமொன்றில், ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்களுக்கு இதயப் பரிசோதனை முகாம்; டாக்டரோடு போயிருந்தேன். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் பெரியவர், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, "மூச்சைப் பிடிங்க" என்று சிங்களத்தில் கத்தினேன். அவர் பிடிக்கவேயில்லை. படம் கலங்கியது.

"சொன்னா கேக்க மாட்டீங்களா? அப்ப கண்டி பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும்!"

எதிரே நின்ற அவர் மனைவி, "தம்பி, பீரங்கிச் சத்தத்துல காது போயிருச்சு. வாயைப் பாத்தாத்தான் புரியும். கண்டிக்கெல்லாம் வரமாட்டாரு" என்றார்.

வெட்கமாகிவிட்டது. முன்னால் போய், என் தொந்தியைத் தொட்டு, என் மூச்சு நின்றால் அவரும் நிறுத்த வேண்டும் என்று சைகையில் விளக்கினேன். பிறகு பின்னால் வந்து, அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு மூச்சு விட்டேன். நான் நிறுத்தினேன்; அவரும் நிறுத்தினார். படம் கண்ணாடியாகத் தெரிந்தது. அதைப் பார்த்து, கண்டி வேண்டாம், மாத்திரையே போதும் என்றார் டாக்டர்.

பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டே சிரித்தார். "தம்பி, உன் நெஞ்சு என் முதுகுல தடதடன்னு அடிச்சுது. உனக்கு எப்போ படம்?"

ஊரார் நெஞ்சையெல்லாம் பார்த்தவன், என் நெஞ்சை ஒருநாளும் பார்த்ததில்லை. டாக்டர் விடவில்லை, அதே கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார். எதிரே நின்ற பெரியவர், தன் வயிற்றைத் தொட்டு, மூச்சைப் பிடிக்கக் காட்டினார்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அவரைப் பார்த்துத்தான் பிடித்தேன்.